கேக் விழுந்த சத்தம்

திருத்தங்கல்,
பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை.

மூன்று தெருக்களின் மத்தியானத் தூக்கத்தைத் தன்னந்தனியாக ஒழித்தவனும், காக்கைகளை ஊரைவிட்டே காலி செய்ய வைத்தவனும், என் அக்காள் அய்யம்மாள் பெற்ற ஒரே பிள்ளையுமாகிய மருமகன் மாரிக்கண்ணனுக்கு, பட்டாசு லேபிள்களுக்குப் பெயர் சூட்டும் பெரும்புலவனும் உன் தாய்மாமனுமாகிய முனியராஜ் எழுதிக்கொள்வது.

நானும் உன் அத்தை பொன்மணியும் சுகம். உன் அம்மா சுகமா என்பதை இந்தக் கடிதத்தை முடிவு வரைக்கும் படித்துவிட்டு நீயே தீர்மானித்துக்கொள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். நான் அனுப்புகிற குரல் செய்தியை நீ வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்கிறாய் என்று என் மகள் பிரீத்திகா சொல்லிவிட்டாள். நாலு ஊர் பஞ்சாயத்தை நடுங்க வைத்த குரலை அணில் குரலாக்கிக் கேட்பவனுக்கு இனி எழுத்துதான். எழுத்தை வேகமாகப் படித்தாலும் அணில் கத்தாது.

இந்தத் தாளை ஒருமுறை திருப்பிப் பார். உன் பாட்டைப் போட்ட அந்தப் படத்தின் கதாநாயகன் தெரிகிறானா? ‘காதலே கொஞ்சம் காப்பி குடி’ என்று படத்துக்குப் பெயர் வைத்தவன் எவனோ, அவனை எங்கள் அச்சகத்தில் லேபிளுக்குப் பெயர் வைக்கச் சொன்னால் ஊசி வெடிக்கு ‘உப்புமா’ என்று வைப்பான். எங்கள் சீனிவாசகம் முதலாளிக்கு அந்தக் கதாநாயகன் முகத்தைப் போட்டு ஃபேன்சி வெடிப் பெட்டிக்கு லேபிள் அடிக்க ஆர்டர் வந்திருக்கிறது. முதல் தாளில் கலர் ஒன்றோடொன்று ஒட்டாமல் போய், உதடு காதுக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அது குறையாகவே படவில்லை. முதல்முறையாக அந்த முகத்தில் ஏதோ நடிப்பு மாதிரி தெரிந்தது. கழித்துப் போட்ட தாள்களை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அவன் முதுகில்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். பேனாவைக் கொஞ்சம் அழுத்தினால் அவன் மூக்கில் தெரியும். அழுத்தித்தான் எழுதுகிறேன்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன் கொஞ்சம் வசவு. மாமன் வாயிலிருந்து வசவில்லாமல் யோசனை மட்டும் வேண்டுமென்றால் அதற்கு வக்கீலிடம் போகவேண்டும்.

போன தைப் பொங்கலுக்கு வந்தபோது, ஆல்டர்நேட்டிவ் ராக் என்றால் என்னவென்று எனக்கு விளக்கினாய். ஊரெல்லாம் ஒரு பாட்டைப் பாடினால் அதோடு ஒத்துப் பாடமாட்டேன் என்று தனியாக முறைத்துக்கொண்டு நிற்கிற பாட்டு என்றாய். நான் அச்சகத்தில் நாலு கலர் மிஷின் ஓடும்போது காதில் மாட்டிக் கேட்டேன். எது மிஷின், எது உன் கூட்டாளிகள் என்று பிரித்தறிய முடியவில்லை. மிஷினை நிறுத்திய பிறகும் மிஷின் ஓடியது. ஆனாலும் சரி, முறைத்துக்கொண்டு நிற்பது நம் குடும்பத்துக்கு ஆகிவந்த குணம்தானே என்று பொறுத்துக்கொண்டேன்.

அப்படி முறைத்துக்கொண்டு நின்ற பாட்டை இந்தக் காதல் காமெடிப் படக்காரர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிற வேலைக்கு வைத்திருக்கிறார்கள். பிரீத்திகா புண்ணியத்தில் வெள்ளைக்காரன் எடுத்த படங்களையும் நாலைந்து பார்த்துத் தொலைத்தேன். எல்லா ஊரிலும் ஒரே சமையல். காதலர்களுக்குள் சண்டையா, ஒற்றைக் கிட்டார். சமாதானமா, அதே கிட்டாரை வேகமாக அடி. அவள் விமானம் ஏறப் போகிறாளா, டிரம்ஸை வைத்து இவனைத் துரத்தவிடு. பாடுகிறவன் பின்னால் நின்றுகொண்டு நான் பிறந்ததே தப்பு, உலகம் இருண்டுவிட்டது என்று அடிவயிற்றிலிருந்து கதறுகிறான். முன்னால் இவன் பூ வாங்கிக்கொண்டிருக்கிறான்! அந்தக் கதறல் யாருடையது, எதற்கு என்று கேட்க அங்கே ஒரு ஆள் கிடையாது. வாசனைக்குப் போடுகிற கறிவேப்பிலைதான். சாப்பிடும்போது ஓரமாக எடுத்து வைத்துவிடுவார்கள்.

நீ அனுப்பிய சேதி நம் தெருவுக்கு வந்த நாளை மறக்க முடியாது. மாரிக்கண்ணன் பாட்டு சினிமாவில் வருதாம் என்று சொன்னதும், வேன் ஓட்டுகிற தனுஷ்கோடி ஒரு பைசா வேண்டாம் என்று கம்பெனி வேனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். ஞாயிற்றுக்கிழமை. பதினைந்து பேர் போகிற வேனில் முப்பது பேரும் ஒரு சம்படம் நிறையச் சீடையும் ஏறினோம். உன் அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். வழியெல்லாம் அவளுக்குத்தான் மரியாதை. அய்யம்மா நீ ஜன்னல் ஓரம் உக்காரு, அய்யம்மா உனக்குக் காத்து வருதா. சிவகாசி போய்ச் சேருவதற்குள் அவளை நாட்டுக்கே தாயாக்கிவிட்டார்கள்.

படம் தொடங்கியது. கதாநாயகனுக்கு வேலை வெட்டி கிடையாது, ஆனால் கடலைப் பார்த்த வீடு. சுவரில் ஒரு கிட்டார் தொங்குகிறது. அதை அவன் தொட்டால் அதுவே ‘நீ யாருப்பா’ என்று கேட்கும். கதாநாயகி காப்பிக் கடையிலேயே குடியிருக்கிறாள். மழை அவர்கள் இரண்டு பேர் தலையில் மட்டும் பெய்கிறது. விருதுநகர் மாவட்டம் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறோம், அங்கே ஒரு முத்தத்துக்கு ஒரு கண்மாய்த் தண்ணீரைக் கொட்டுகிறான். அப்புறம் பிறந்தநாள் என்று அவன் மாடியில் நின்று ராக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே கொளுத்தினான் பார், நம் பெண்களுக்குப் பொறுக்கவில்லை. ஏலே கிறுக்குப் பயலே, பாட்டிலுக்குள்ள வைலே என்று ஒருத்தி. கையி போச்சுன்னா காப்பிய எதுலலே குடிப்ப என்று இன்னொருத்தி. அது நம்ம கம்பெனி லோடுதான், நான் பெட்டி போட்டதாக்கும் என்று உன் அம்மாவே சொன்னாள். அரங்கமே அதிர்ந்தது. அந்தப் படத்தில் இருந்த ஒரே நகைச்சுவை எங்கள் வரிசையில்தான் நடந்தது.

அதற்கடுத்துத்தான் அந்தக் கேக்.

கதாநாயகன் மூன்றடுக்குக் கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, கால் தடுக்கி, மாமனார் தலையில் போடுகிறான். கேக் விழும்போது ஒரு சத்தம் வந்தது.

மருமகனே, அதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உன் பாட்டின் முதல் சத்தம். தூரத்தில், மண்ணுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ‘தும்’ என்று ஒன்று. காதில் விழுவதற்கு முன்னால் உள்ளங்காலில் விழுகிற சத்தம். வெடி வெடிக்கிற சத்தம் நம் ஊரில் தாலாட்டு, அதற்கு யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் கம்பெனியில் ஒரு மருந்து ரூமே வெடித்துப் போகிற சத்தம் வேறு. உன் கூட்டாளிகள் என்னென்ன கம்பியைத் தட்டி அதை உண்டாக்கினார்களோ, அச்சு அசலாக வந்திருந்தது.

முதலில் எழுந்தது உன் அப்பாவோடு வேலை பார்த்த சங்கையாதான். எழுந்தார், நடந்தார், பிறகு ஓடினார். அவர் பின்னால் எங்கள் வரிசை. எங்கள் பின்னால் வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள். அரை நிமிடத்தில் தியேட்டர் காலி. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்று வானத்தைப் பார்க்கிறார்கள். புகை எந்தப் பக்கம்? வெம்பக்கோட்டைப் பக்கமா, சாத்தூர்ப் பக்கமா? ஆளாளுக்கு போனை எடுத்துவிட்டார்கள். ஞாயித்துக்கிழமை எவன்லே வேலைக்கு வரச் சொன்னான், எந்தக் கம்பெனிலே, பேர் சொல்லுலே என்று தனுஷ்கோடி யாரிடமோ கத்துகிறான்.

தியேட்டர் மேனேஜர் மூச்சு வாங்க ஓடி வந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். கோவிச்சுக்காதீக, எல்லா ஊர்லயும் இப்படித்தான் எந்திரிச்சுப் போறாக, இடைவேளைக்குப் பிறகு படம் நல்லா இருக்கும், உள்ள வாங்க என்றார். உலகத்திலேயே முதல்முறையாக ஒரு சினிமாக்காரன் வாயிலிருந்து உண்மை வந்த நேரத்தில் எங்களுக்குச் சிரிக்க நேரமில்லை.

வானம் துடைத்து வைத்த தாம்பாளம் மாதிரி இருந்தது. புகை இல்லை. எங்குமே ஒன்றும் நடக்கவில்லை. அது கேக் விழுந்த சத்தம்தான் என்று பிறகு புரிந்தது. சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. யாரும் திரும்ப உள்ளே போகவில்லை. எல்லோரும் வேனில் ஏறிய பிறகும் உன் அம்மா மட்டும் அங்கனயே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்மணி போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

நான் மட்டும் உள்ளே போனேன். பாசத்தால் அல்ல, ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தேன். இருட்டில் நாற்காலிக்கு அடியில் தவழ்ந்துகொண்டே உன் பாட்டுக்கு அவர்கள் செய்த மரியாதையைப் பார்த்தேன்.

உன் அசல் பாட்டில் அந்தச் சத்தத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நீ அதை எனக்கு அனுப்பி, அம்மாட்ட போட்டுக் காட்டிறாதீக மாமா என்று சொன்னபோது, போன்தான் கெட்டுவிட்டது என்று இரண்டு தட்டுத் தட்டினேன். பிறகு விளங்கியது. முதல் சத்தம் கேட்டதும், அடுத்தது வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊரே நிற்குமே, அந்த நேரம். அதை நீ அப்படியே வைத்திருந்தாய். அந்த இடத்தில் இவர்கள் என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? கதாநாயகியின் தோழிகள் சிரிப்பு. அது போதாதென்று ஒரு நாய்க்குட்டியின் குரைப்பு. அதற்கப்புறம் உன் தொண்டை திறக்கிறது. ‘தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க’ என்று நீ கதறுகிறாய். திரையில் அவள் அவன் நெஞ்சில் கை வைத்துச் செல்லமாகத் தள்ளிவிடுகிறாள். அவன் மறுபடி வருகிறான். மறுபடி தள்ளுகிறாள். கன்னத்தில் கேக் பூசுகிறாள்.

செருப்பு கையில்தான் இருந்தது. திரை தூரமாக இருந்ததால் அந்தக் கதாநாயகன் பிழைத்தான்.

கம்பெனியில் வெடிமருந்து புகைந்தபோது, சங்கையாவையும் மற்றவர்களையும் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டு உன் அப்பா சுடலை மச்சான் கத்திய கடைசி வார்த்தை அந்தத் ‘தள்ளிப் போங்க’தான். சங்கையா உயிரோடிருப்பதால்தான் நமக்கு அது தெரியும். அதை ஒரு காப்பிக் கடைக் கொஞ்சலுக்குத் தாளம் போட விட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாது என்பாய். தெரியாதுதான். கேட்டார்களா? மாமனார் தலையில் எந்தக் கேக் விழவேண்டும், மேலே செர்ரி வேண்டுமா வேண்டாமா என்று நாலு நாள் உட்கார்ந்து பேசியிருப்பார்கள். தம்பி, இந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று ஒரு வாய், ஒரே ஒரு வாய் கேட்டிருக்கமாட்டார்கள்.

படம் பார்த்த மறுநாள் நீ போன் செய்து அழுதாய். அந்தச் சத்தத்தை எடுத்துருவாகன்னு நினைச்சேன் மாமா, நடுவுல உள்ள பாட்டு மட்டும்தான் வேணும்னு சொன்னாக மாமா என்றாய். நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். வெட்கப்பட வேண்டியவன் வெட்கமில்லாமல் என் தாளின் மறுபக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, நீ எதற்காகச் சென்னையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்? பங்குனிப் பொங்கலுக்கு வரமாட்டேன், எந்த முகத்தோடு தெருவில் நடப்பேன் என்றாயே. அந்தக் கதாநாயகன் அந்த முகத்தை வைத்துக்கொண்டு நாடு முழுக்க நடக்கிறான்.

இப்போது நீ கேட்டது. அந்தப் படக் கம்பெனிக்காரர்களுக்கு முழுப் பாட்டும் வேண்டுமாம், அடுத்த படத்தில் கல்யாணக் கலாட்டாவுக்குப் பெரிய பாடகரை வைத்துப் பாட வைப்பார்களாம். நீ கையெழுத்துப் போட்டால் பாட்டு அவர்களுடையது. அதன் பிறகு அதை நீ ஒரு மேடையில் பாடுவதென்றாலும் அவர்களிடம் கேட்டுத்தான் பாட வேண்டும். பொங்கலன்று கையெழுத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போடட்டுமா மாமா, அம்மா ஏன் போனை எடுக்க மாட்டேங்கா, அவ கோவமா இருக்காளா என்று கேட்டிருந்தாய்.

கோபமாக இருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. உன் அம்மாவின் கோபத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன் நான். அது மதுரைக்குக் கேட்கும். இது அது இல்லை. வேலைக்குப் போகிறாள், பெட்டி போடுகிறாள், சோறு பொங்குகிறாள். போன் அடித்தால் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அது ஓய்ந்த பிறகு கையில் எடுக்கிறாள். போன வாரம் பொறுக்க மாட்டாமல் போய்க் கேட்டேன். பிள்ளைக்குப் பதில் சொன்னா வாய் தேய்ஞ்சிருமோ என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். குழம்பைக் கிண்டுவதை நிறுத்தாமல் அவள் சொன்னாள்: ஏலே முனியராசு, அந்தச் சத்தம் எனக்கு மட்டுந்தான் கேட்டுக்கிட்டே இருக்குன்னு நினைச்சேன். அவன் சின்னப் பிள்ள, படிக்கப் போயிட்டான், மறந்திருப்பான்னு இருந்தேன். அவனுக்கும் அம்புட்டும் கேட்டுக்கிட்டேதான் இருக்கா?

அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கி நானே குழம்பைக் கிண்டினேன்.

அவளே மறுபடி கேட்டாள். அதுக்குப் பொறவு பாட்டுல என்னலே வருது? நாங்க ஓடி வந்துட்டோம்லா, கேக்கலையே என்றாள்.

நான் சொல்லவில்லை. என் போனில் அந்தப் பாட்டு இருக்கிறது, இந்தா கேள் என்று நீட்டியிருக்கலாம். போனில் கேட்கிற விஷயமா அது? மச்சானின் வார்த்தையை உன் அம்மாவுக்குச் சங்கையா ஒருமுறை சொன்னார். இரண்டாவது முறை அவள் அதைக் கேட்க வேண்டுமென்றால் மச்சான் பெற்ற மகன் உன் வாயால் கேட்கட்டும்.

எனவே உன் தாய்மாமன் தன் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு சிறு அக்கிரமம் செய்திருக்கிறான். நம் தெரு காளியம்மன் கோயில் பொங்கல் நோட்டீஸ் எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தது. ஞாயிறு மாலை பழைய பாட்டுக் கச்சேரி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த வரி மிஷினுக்குப் போகிற வழியில் எப்படியோ தொலைந்துவிட்டது. அந்த இடத்தில், ‘நமது தெருவின் தவப்புதல்வன், தலைநகரை அலற வைத்த மாரிக்கண்ணன் குழுவினரின் மாபெரும் இசை முழக்கம்’ என்று தானாகவே வந்து விழுந்திருக்கிறது. திருத்தங்கலில் இருந்து விருதுநகர் வரைக்கும் ஒரு சுவர் பாக்கியில்லை. மல்லாங்கிணற்றில் ஒரு மாட்டின் மேல்கூட ஒட்டியிருப்பதாகக் கேள்வி.

விழாக் குழுத் தலைவர் அய்யாதுரை நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு அச்சகத்துக்கே வந்துவிட்டார். அம்மன் சன்னதியில இந்தக் கூப்பாடு எதுக்குவே என்றார். அம்மனுக்கு நாம் மேளம் அடிப்பது அவள் தூங்கவா என்று கேட்டேன். மறுபடி கத்த வாயெடுத்தவரைச் சங்கையாதான் ஓரமாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார். என்ன பேசினாரோ தெரியாது. திரும்பி வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் எம்புட்டு வேணும்னு கேட்டுச் சொல்லும் என்றார்.

உன் அம்மா நோட்டீஸைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நான் வாசல் பக்கமாகவே நின்றுகொண்டேன். எழுத்துக்கூட்டி உன் பெயர் வரைக்கும் படித்தாள். அவன் நெசமா வாரானா என்றாள். நான் வாய்க்கு வந்தபடி ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இந்தப் பொய்யை மெய்யாக்குவது உன் பொறுப்பு.

ஆகவே அந்தக் காப்பிக் கடைக்காரர்களிடம், பாட்டு எங்கள் வீட்டில் தேவைப்படுகிறது என்று சொல்லிவிடு. மரியாதையாகச் சொல். வையவேண்டியதை நான் இந்தத் தாளின் மறுபக்கத்தைப் பார்த்து வைதுகொள்கிறேன். அடுத்த வாரம் சனிக்கிழமை பஸ் ஏறு. உன் கூட்டாளிகளுக்கு உன் அத்தை கறி எடுத்துச் சமைப்பாள், தலைமுடியை அவர்கள் எப்படி வைத்திருந்தாலும். மேடையில் பாட்டை வெட்டாதே. முதல் சத்தத்தையும் மெதுவாக்காதே. அதற்கப்புறம் வருகிற அந்தச் சும்மா இருக்கிற நேரத்தை முழுதாக விடு. சிரிக்க அங்கே ஆள் இல்லை. நாய் எதுவும் குரைத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா வேலை முடிந்து வந்து எட்டிப் பார்த்தாள். யாருக்குலே இம்புட்டு நீளமா என்றாள். உன் மகனுக்கு என்றேன். தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். பிறகு, முன்னாடி வரிசையில எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன், அந்தச் சத்தம் வாரப்ப நான் எந்திரிச்சு ஓட மாட்டேன்னு அவன்ட்ட எழுதுலே என்றாள்.

எழுதிவிட்டேன்.

காளியம்மன் உன் விரலையும் தொண்டையையும் காப்பாற்றட்டும். வந்து சேர், அய்யா.

உன் மாமன்,
முனியராஜ்